துக்கம் கேட்ட நாள்

குவளைநாட்டைத் தன் குடைநிழலில் வைத்து ஆளும் பெருமாட்டி நீர்காத்த நாச்சியார் நெடிது வாழ்க. மஞ்சணையாறு வற்றாதிருக்க. அவ்வாற்றின் மலைத்துறை முதல் கழிமுகம் வரையுள்ள ஓடங்களுக்கும் துறைகளுக்கும் துறைக்காவலர்க்கும் தலைவராய், பெருமாட்டியின் வலக்கை என்று பேர் பெற்று, தலைநகரின் எழுநிலை மாளிகையில் வீற்றிருக்கும் அரச ஓடவாரியப் பெருந்தலைவர் நம்பி எயினனார் சமுகத்துக்கு, நெடுங்கரைத் துறைநாட்டுச் சபையில் தீர்ப்புரைக்கும் நடுவன் காரிவளவன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் மாளிகை விளக்குகள் நிறைந்து எரிக. தங்கள் ஓடங்கள் ஏற்றியவரை எல்லாம் இறக்கி விடுக.

இவ்விடத்தில் நடுவனும் குடிகளும் நலம், ஒருத்தியைத் தவிர. அவளைப் பற்றியதே இந்த ஓலை.

இதுக்கு மேல இந்த நடையில எழுத நடுவனுக்கு வராது. சபை எழுத்தர் நல்லா எழுதுவாரு. ஆனா அவருக்குச் சோறும், சபைக்கு விளக்கெண்ணெயும் உங்க வாரியம்தான் குடுக்குது. வாரியத்து மேல வந்த வழக்கை அவரை எழுதச் சொன்னா அவருக்கும் சங்கடம், வழக்குக்கும் சங்கடம். அதனால நடுவனே எழுத்தாணியை எடுத்துட்டான், பேசுற மாதிரியே எழுதுறான். சொல்லுல தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

சிலம்பாயின்னு ஒருத்தி. துறையிலேர்ந்து சபைக்கு வர்ற வழியில, புளியமரத்தெருவுல குடியிருக்கா. ஊராருக்கு நெல்லு அவிச்சுக் குடுத்துப் பொழைக்கிறவ. அவ புருஷன் பொறையன் ஆட்டுத் தரகன். அக்கரைச் சந்தைக்கும் இக்கரைச் சந்தைக்கும் ஓயாம போய் வர்றவன், வாய் கொஞ்சம் ஜாஸ்தி, நல்லா நீந்துவான். பிள்ளைகுட்டி இல்ல. போன வருஷம் வெள்ளம் இறங்குற சமயத்துல, அக்கரையிலேர்ந்து வந்த உங்க ஓடம் ஒண்ணு நடு ஆத்துல கவுந்துச்சு. அதுல ஆளும் இருந்தாங்க, ஆடும் இருந்துச்சு. ஆளோட ஆட்டை ஏத்தினது யார் தப்புங்கறது வழக்குல விசாரிக்க வேண்டிய சங்கதி, அதை இங்க எழுதல. ஏறினவங்கள்ல பெரும்பாலானவங்க கரையேறிட்டாங்க. ரெண்டு பேரை உடம்பா எடுத்தாங்க. பொறையனை மட்டும் எந்த விதமாவும் எடுக்கல.

இங்க ஒரு வழக்கம் சொல்லணும், தலைநகரத்துல இது இல்லேன்னு கேள்வி. அங்க இழவு வீட்டுக்குப் போனா ஒரு மாலையைப் போட்டுட்டுத் திரும்பிடுவாங்களாம். எங்க துறைநாட்டுல துக்கம் கேக்கறதுன்னா நெசமாவே கேக்கறதுதான். போறவங்க தலையை அவுத்துப் போட்டுட்டுப் போய் வெறுந்தரையில உக்காரணும். அந்த வீட்டுக்காரங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, எங்க அவருன்னு கேக்கணும். வீட்டுக்காரங்க வாயால, போயிட்டாருன்னு சொல்லணும். அப்புறம்தான் ரெண்டு பேரும் அழலாம். கேள்வியும் பதிலும் இல்லாம அழற அழுகைக்குக் கணக்கே கிடையாது. ஆத்தங்கரை ஊரு. பாதி உடம்பு கிடைக்காது. அதனால இப்படி ஒரு வழக்கம் வந்திருக்கும்னு நடுவனுக்குத் தோணுது.

ஓடம் கவுந்த மூணாம் நாள் பொறையனோட தங்கச்சி மருதி, தலைவிரி கோலமா, நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனா. அங்க சிலம்பாயி வாசல்ல கோலம் போட்டுக்கிட்டு இருந்தா. இழவு வீட்டுல யாராச்சும் கோலம் போடுவாங்களா? மருதி அப்படியே நின்னுட்டா. சிலம்பாயி தலையை நிமித்தாமலே, முடியை முடிஞ்சுக்கிட்டுப் போ மருதி, உங்கண்ணன் வர்ற நேரம், இப்படி நின்னா திட்டுவாருன்னு சொன்னா. மருதி ஏதோ சொல்ல வாயெடுத்தா. சிலம்பாயி உள்ள போய்க் கதவைச் சாத்திட்டா.

சொந்த நாத்தனாரையே விரட்டினவ வீட்டுக்கு வேற யாரு போவா? அதுவும் போக, உசிரோட இருக்கற ஆளுக்குத் துக்கம் கேட்டா அவனைக் கொன்ன மாதிரி ஆயிடும்னு ஊருல பயம். அதனால யாரும் போகல. அப்புறம் துறையில ஒரு பேச்சு கிளம்புச்சு. பொறையன் நீச்சல்காரன், முழுகியிருக்க மாட்டான், அக்கரை ஏறி வேற குடித்தனம் பண்றான்னு. முதல்ல யாரு சொன்னாங்கன்னு தெரியாது. உங்க துறை ஆளுங்க அதைக் கேட்டு மறுத்துப் பேசல, அது மட்டும் தெரியும்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த வருஷத்தை அவ எப்படிக் கழிச்சான்னு நடுவன் பல பேர்கிட்ட விசாரிச்சுத்தான் எழுதுறான். கலியாணத்துக்குப் பாக்கு வைக்க வந்தவங்க பக்கத்து வீட்டுக்கு வச்சாங்க, எதிர் வீட்டுக்கு வச்சாங்க. அவ வாசலுக்கு வந்ததும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னாங்க. சுமங்கலின்னு கூப்பிடறதா, வேண்டாமா? கடைசியில பாக்கைப் பக்கத்து வீட்டுக்காரிகிட்ட குடுத்து, அவ கேட்டா குடுத்துருன்னுட்டுப் போயிட்டாங்க. அவ கேக்கல. தெருவுல ஒரு சாவு விழுந்தப்போ போனா. தாலி அறுத்தவங்க ஒரு பக்கம், கட்டினவங்க ஒரு பக்கம் உக்காந்திருந்தாங்க. அவ ரெண்டுக்கும் நடுவுல தூணோரமா நின்னுட்டு, எல்லாரும் எழுந்திருக்கறதுக்கு முன்னாலயே வந்துட்டா. பூக்காரி பாவம், என்ன பண்றதுன்னு தெரியாம, வழக்கம்போல பூவே பூவேன்னு கூவாம, சத்தமில்லாம ஒரு முழம் அறுத்துக் கதவுக் கொண்டியில தொங்க விட்டுட்டுப் போவா. சிலம்பாயி அதை எடுத்து வச்சுக்குவா. ரெண்டு பேரும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினது கிடையாது.

பேச்சுத் துணைன்னா பொறையன் விட்டுட்டுப் போன கெடா ஒண்ணுதான். ஒத்தக் கொம்பு. யாருமே வாங்க மாட்டேன்னு அவன் தலையில கட்டினது. நெல்லு அவிக்கும்போது, பாத்தியா உங்க ஆளு இன்னும் வரலன்னு அதுகிட்ட சொல்லுவாளாம். அது நெல்லுல வாயை வைக்கும்.

போன கோடையில துறைக்காவலன் ஒருத்தன், தண்ணிக்குப் போனவளைப் பாத்து, என்ன சிலம்பாயி, உன் புருஷன் அக்கரையில பேரன் எடுத்துட்டானாமேன்னு கேட்டான். கூட நின்னவங்க சிரிச்சாங்க. அவ குடத்தைக் கீழ வச்சா. வீட்டுக்கு வந்து கெடாவை மரத்துல கட்டினா. அக்கரைக்குக் கிளம்பிட்டா. உங்க ஓடத்துல ஏறல. ஆத்தோரமா மேற்கே நடந்து, தண்ணி முழங்கால் அளவு ஓடற இடத்துல இறங்கிக் கடந்து, அக்கரையில ஒவ்வொரு சந்தையா கேட்டுக்கிட்டே போனா. ஆட்டுத் தரகன், செவத்த ஆளு, வாய் ஓயாதுன்னு அடையாளம் சொன்னா. தெரியாதுன்னாங்க. ஒரு சந்தையில கெழட்டுத் தரகர் ஒருத்தர்தான் அவ பேசி முடிக்கற வரைக்கும் கேட்டாரு. அப்புறம் சொன்னாராம்: பொறையனா? இந்தப் பக்கம் வந்திருந்தா எங்கிட்ட சண்டை போடாம போயிருக்க மாட்டானேம்மா.

அவ அதே வழியில திரும்பி வந்தா. நேரா சபைக்குத்தான் வந்தா.

என்ன வேணும்னு நடுவன் கேட்டான். வாரியத்தைக் கேக்கணும்னா. நஷ்டஈடான்னு கேட்டதுக்கு இல்லைன்னா. பின்ன என்னத்தைக் கேக்கணும்னு கேட்டதுக்குச் சொன்னா: ஏத்தினீங்கள்ல, எங்க இறக்கி விட்டீங்கன்னு கேக்கணும். உங்க வாயால பதில் சொல்லுங்கன்னு கேக்கணும். ஓடிட்டான்னு சிரிக்கறாங்கய்யா. அவரு ஓடல.

இப்போ சட்டத்துக்கு வர்றேன். பெருமாட்டியோட பாட்டனார் வாரியத்துக்குக் குடுத்த பட்டயம் உங்க மாளிகைக் கல்லுலயும் வெட்டியிருக்கும். சபையில படிச்சது இது: வாரியம் நம் கை, நம் கையை நம் சபையில் ஒருவரும் கேட்கலாகாது, ஓடத்தில் உயிர் போயின், அவ்வுயிர்க்கு உரியார் மட்டும், துக்கம் கேட்ட நாள் தொட்டு ஒரு மாதத்துக்குள் கேட்கலாம். அவ்வளவுதான். கேக்கக் கூடாதுங்கறதுதான் சட்டம். கேக்கலாம்கறது அதுல ஒரு சின்னக் கதவு, அது ஒரு மாசம்தான் தொறந்திருக்கும்.

வாரியத்து சார்பா வழக்குரைஞர் வாகீசர் வந்தாரு. நல்ல மனுஷர், படிச்சவர், யாரையும் நீ வா போன்னு பேசாதவர். மூணு வாதம் வச்சாரு. வாரியம் பெருமாட்டியோட கை, கையைக் கட்டி சபையில நிறுத்த முடியாது. உடம்பு கிடைக்கல, அதனால உயிர் போச்சுன்னு சொல்ல முடியாது. அப்படியே போயிருந்தாலும் மூணாம் நாளே மருதி போய்த் துக்கம் கேட்டாச்சு, மாசம் முடிஞ்சு வருஷமும் முடிஞ்சாச்சு.

நடுவன் சொன்னான்: உயிர் போகலைன்னும் சொல்றீங்க, போய் ரொம்ப நாளாச்சுன்னும் சொல்றீங்க. ரெண்டும் எப்படி ஐயா ஒண்ணா நிக்கும்? வாகீசர் சிரிச்சுக்கிட்டே, ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு தாங்கும்னாரு. சபையில எல்லாரும் சிரிச்சாங்க. சிலம்பாயி சிரிக்கல.

முதல் வாதத்தைப் பத்தி நடுவன் இவ்வளவுதான் சொன்னான். கூலி வாங்கும்போது நாங்க வணிகர்னு சொல்ற வாரியம், ஓடம் கவுந்தா மட்டும் நாங்க ராஜான்னு சொல்றது நல்லா இல்ல. இருந்தாலும் பட்டயத்துல கைன்னு எழுதியிருக்கு, அதை அழிக்க நடுவனுக்கு அதிகாரம் இல்ல. ஆனா அதே பட்டயத்துல அந்தக் கதவையும் வச்சிருக்காங்க. அது மூடிடுச்சா இல்லையாங்கறது மட்டும்தான் இங்க கேள்வி.

மருதியைக் கூப்பிட்டது வாரியம்தான். அவ மகன் உங்க துறையில துடுப்புப் போடறவன். போதாததுக்கு, அந்தக் கதவைச் சாத்தின நாள்லேர்ந்து அண்ணியோட அவ பேசறதும் இல்ல. கிணத்தடியில பாத்தா குடத்தைத் தூக்கிக்கிட்டு வேற பக்கம் போயிடுவா. அவ வாயால கேட்டேன்னு ஒரு வார்த்தை வந்தா வழக்கு அன்னிக்கே முடிஞ்சுரும்.

வாகீசர் பதமா கேட்டாரு: அம்மா, உங்க அண்ணன் வீட்டுக்கு மூணாம் நாள் போனீங்களா? போனேன்னா. தலையை அவுத்துப் போட்டுட்டா? ஆமான்னா. அழுதுக்கிட்டா? பின்ன சிரிச்சுக்கிட்டா போவாங்கன்னா. அப்போ துக்கம் கேட்டீங்கன்னு எழுதிக்கலாமான்னாரு. சொல்லுங்கம்மா, உங்க மகன் வெளியில ஓடத்தைக் கட்டிட்டு உங்களுக்காகக் காத்திருக்கான்னாரு. அதை அவர் மிரட்டறதுக்குச் சொல்லல, சும்மாதான் சொன்னாருன்னு நடுவன் நம்புறான். ஆனா கேட்டவங்க யாருக்கும் அது சும்மா சொன்ன மாதிரி இல்ல.

மருதி சிலம்பாயியைப் பாத்தா. ஒரு வருஷத்துக்கு அப்புறம் அன்னிக்குத்தான் நேரா பாத்தா. பாத்துட்டுச் சொன்னா: இவ இருக்காளே, இவளை மாதிரி திமிரு பிடிச்சவ இந்தத் துறைநாட்டுலயே கிடையாது. கூடப் பொறந்தவ நிக்கறேன், கோலத்துல புள்ளி வச்சுக்கிட்டு இருக்கா. நான் தெருமுக்குல நின்னு தனியா அழுதுட்டு வந்தேன்யா. என் அண்ணனுக்கு நான் தனியா அழுதேன். இவளை நான் சாகற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். ஆனா கேக்கல.

வாகீசர், போனீங்கள்லன்னாரு. போனேன், கேக்கப் போனேன். கேக்க விடல. கேக்கப் போறதும் கேக்கறதும் ஒண்ணா? உங்க ஊருல சாப்பிடப் போனாலே வயிறு ரொம்பிடுமான்னு கேட்டா. அப்புறம், என் மகன் துடுப்பைப் புடுங்கினா புடுங்கிக்குங்கன்னு சொல்லிட்டு, முந்தானையை உதறிக்கிட்டு இறங்கிட்டா.

அதுக்கப்புறம் நடுவன் சிலம்பாயிகிட்ட ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்துச்சு. கேட்கக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. மருதியை விடு, வேற யாராச்சும் உன் வீட்டுக்கு வந்து துக்கம் கேட்டாங்களான்னு கேட்டான். தெருவுல, சொந்தத்துல, உன்கூட நெல்லு அவிக்கறவங்கள்ல யாராச்சும்? அவ சபை முழுக்க ஒரு தடவை பாத்தா. அங்க இருந்தவங்கள்ல பாதிப் பேரு அவ தெரு. எல்லாரும் கீழ பாத்தாங்க. யாரும் வரலைங்கய்யான்னா. சத்தமா சொல்லுங்கம்மா, எழுதணும்னு வாகீசர் சொன்னாரு. அவ மறுபடியும் சொன்னா. ஊர் முன்னால, தனக்கு யாரும் இல்லேங்கறதையே சாட்சியா சொல்ல வேண்டியிருந்துச்சு அவளுக்கு. அவ வழக்கு உசிரோட இருந்ததே அந்தச் சாட்சியாலதான்.

துக்கம் கேட்கப்படல, ஆகவே மாசம் இன்னும் தொடங்கலன்னு நடுவன் தீர்த்தான்.

உடனே வாகீசர் எழுந்து, மாசம் தொடங்கலைன்னா வழக்கும் இன்னும் பொறக்கலைன்னாரு. அதுவும் சரிதான். துக்கம் கேட்ட நாள் தொட்டுத்தான் கேக்கலாம். கேட்ட நாளே இல்லாட்டி எதைத் தொட்டு எண்ணுறது? யாராச்சும் போய்க் கேக்கணும். ஆனா சபை உத்தரவு போட்டு யாரையும் துக்கம் கேக்க அனுப்ப முடியாது. அனுப்பினா அது துக்கமும் இல்ல, கேட்டதும் இல்ல. நடுவனுக்கே எழுந்து போகலாம்னு தோணுச்சு. நடுவனும் தனிக்கட்டைதான், அந்தத் தெரு வழியாத்தான் தினமும் சபைக்கு வர்றான். ஆனா துக்கம் கேட்டவன் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரன் ஆயிடுவான். சொந்தக்காரன் அந்த வழக்குல தீர்ப்புச் சொல்ல முடியாது. அதனால போகல.

சபை கலைஞ்சு அவ வீட்டுக்குப் போனா. மறுநாள் காலையில வாசல்ல கோலம் இல்ல. தண்ணி தெளிச்ச மண்ணு மட்டும் ஈரமா கிடந்துச்சு. அவ தலையை அவுத்து விட்டுட்டு, கதவை விரியத் தொறந்து வச்சுக்கிட்டு, உள்ள தரையில உக்காந்திருந்தா. இது இழவு வீடுன்னு அவளே ஊருக்குச் சொன்ன மாதிரி. ஒரு வருஷமா வருவாரு வருவாருன்னு சொன்னவ அப்படி உக்காரணும்னா அவளுக்குள்ள என்ன ஆகியிருக்கும்னு நடுவனால எழுத முடியாது. பூக்காரி அந்த வெறும் வாசலைப் பாத்துட்டு, பூவை அறுக்காமலே தாண்டிப் போனா. அவ மேலயும் தப்பு இல்ல. தெருக்காரங்க வேகமா நடந்தாங்க. உசிரோட இருந்துட்டா பாவம் நமக்கு வேண்டாம்னு சிலருக்கு. துறையில ஓடத்துல ஏத்த மாட்டேன்னுட்டா என்ன பண்றதுன்னு சிலருக்கு. மறுநாளும் அப்படித்தான். அதுக்கு மறுநாளும் அப்படித்தான். நடுவன் அந்த வழியா போகும்போது தொறந்த கதவைப் பாத்தான். அவ வெளியில பாத்தா. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கக் கூடாது.

கடைசியில மருதி வந்தா. நல்ல உச்சி வெயில்ல, தலையை அவுத்துப் போட்டுட்டு, செருப்பைத் தெருமுனையிலேயே கழட்டி விட்டுட்டு வந்தா. நடந்ததை ரெண்டு பேரும் அப்புறம் சபைக்கு வந்து சொன்னாங்க, அப்படியே எழுதுறேன். மருதி வாசல்படியில நின்னு, என்ன அண்ணி, இன்னிக்காச்சும் உள்ள விடுவியா, இல்ல முடியை முடிஞ்சுக்கிட்டுப் போன்னு சொல்லுவியான்னு கேட்டா. சிலம்பாயி நகந்து இடம் விட்டா. வேற யாரும் வரல மருதின்னா. எனக்குத் தெரியும், மூணு நாளா கோயில் மரத்தடியில நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்னு மருதி சொன்னா. பின்ன ஏன் வரலைன்னு இவ கேட்டா. உன்மேல கோவம், அது தீர வேண்டாமான்னா. தீந்துச்சான்னு இவ கேட்டா. இல்ல, கோவத்தோடதான் வந்திருக்கேன், நான் ஒருத்தி போதும், பட்டயத்துல எத்தனை பேரு கேக்கணும்னு போடலையாமேன்னுட்டு உக்காந்தா.

உக்காந்து கையைப் பிடிச்சா. எங்க எங்கண்ணன்னு கேட்டா.

கெடா கொல்லையில கத்திக்கிட்டே இருந்துச்சு. மருதி கையை விடல, கேள்வியைத் திருப்பிக் கேக்கவும் இல்ல. ஒரு தடவைதான் கேக்கணும்கறது வழக்கம். பதில் வர்ற வரைக்கும் இருக்கணும், வராட்டி எழுந்து போயிடணும். வெயில் வாசல்லேர்ந்து உள்ள ஏறி அவங்க கால்மேல விழுந்துச்சு. சிலம்பாயி நெனச்சதெல்லாம் இதுதானாம்: இதைச் சொல்லாம இருக்கற வரைக்கும் அவரு எங்கயோ இருக்காரு. சொல்லிட்டா வாரியத்தைக் கேக்கலாம், ஆனா கேக்கறதுக்கு நானே அவரைக் கொல்லணும். அப்படித்தான் அவ சபையில சொன்னா, நடுவன் ஒரு எழுத்தும் மாத்தல.

அப்புறம் சொன்னா. ஆத்தோட போயிட்டாருன்னு சொன்னா.

ரெண்டு பேரும் அழுதது தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு. அதைக் கேட்டு வந்தவங்க எதிர் வீட்டுக்காரியும், நெல்லு அவிக்கற கூட்டாளி ஒருத்தியும்தான். மத்த கதவெல்லாம் சாத்தியே இருந்துச்சு. சாயங்காலம் மருதி தன் வீட்டுக்குப் போயிட்டா, அவளுக்கும் குடும்பம் இருக்கு. சிலம்பாயி இப்போ தாலி இல்லாம, பூ இல்லாம, அந்த வீட்டுல இருக்கா. இனிமே அவளை எந்தப் பக்கம் உக்கார வைக்கணும்னு ஊருக்குத் தெரியும். அது அவளுக்கு ஆறுதலான்னு நடுவன் கேக்கல.

ஆகையினாலே, எயினனார் அறிய வேண்டியதும் செய்ய வேண்டியதும் ஆவன:

ஆடி மாதத்து வளர்பிறைப் பஞ்சமியில், நெடுங்கரை மருதி, தன் அண்ணன் பொறையனுக்குத் துக்கம் கேட்டாள். அவன் மனைவி சிலம்பாயி பதில் தந்தாள்; உடல் கிடையாவிடத்து அப்பதிலே உயிர் போனதற்குச் சான்று. அந்நாள் தொட்டு மாதம் எண்ணப்படும் என்று இந்தச் சபை தீர்த்தது. மாதம் முடியுமுன், ஆவணிப் பிறை காணும் நாளில், வாரியம் நெடுங்கரைச் சபையில் நின்று, ஏற்றியவனை எங்கே இறக்கிற்று என்ற கேள்விக்கு விடை சொல்லக் கடவது. வாகீசரை மட்டும் அனுப்பினால் ஆகாது, பெருந்தலைவரே வரக் கடவர். பெருமாட்டியின் கை என்று பேர் பெற்றவர் கையை மறைத்து வைத்தல் பெருமாட்டிக்குப் பெருமை ஆகாது. மருதியின் மகன் கையிலுள்ள துடுப்பை, இவ்வழக்கைக் காரணமாக்கியோ வேறு காரணம் கட்டியோ, எவரும் வாங்கலாகாது. வாங்கினால் அது தனி வழக்கு; அதற்குப் பட்டயத்தில் மாதக் கணக்கு இல்லை.

இவை உத்தரவு. இனி எழுதுறது உத்தரவு இல்ல.

வழக்குல வாரியம் ஜெயிக்கலாம், தோக்கலாம். ஆடு ஒரு பக்கமா சாஞ்சதா, ஓடம் பழசா, ஓட்டினவன் தப்பா, எல்லாம் விசாரிச்சுப் பாக்கணும். நடுவன் இப்பவே எதையும் தீர்மானம் பண்ணி வைக்கல. ஆனா நீங்க துறையில இறங்கி சபைக்கு நடந்து வர்ற வழியிலதான் அவ வீடு இருக்கு. சுத்திப் போக வேற தெரு கிடையாது. கதவு தொறந்திருக்கும். உங்க ஊருல வழக்கம் வேறயா இருக்கலாம். எங்க ஊருல எப்படிக் கேக்கறதுன்னு மேல எழுதியிருக்கேன். துக்கம் கேளுங்கன்னு யாருக்கும் உத்தரவு போட நடுவனுக்கு அதிகாரம் இல்ல. தாண்டிப் போகாதீங்கன்னு சொல்லவும் அதிகாரம் இல்ல.

நெடுங்கரைச் சபையில், சபையார் அறிய, நடுவன் காரிவளவன் தன் கையால் எழுதி, மீன்கொத்தி முத்திரை பதித்து, மஞ்சள் கயிற்றால் கட்டி விடுத்த இவ்வோலையைக் கண்டவுடன் பிரித்து, படித்தவுடன் புறப்படுக.